முதுகால் பார்த்த ஆட்டம்

“இஞ்சாலை பார் பிள்ளை, அங்காலை ஒண்டுமில்லை” என்று சின்னம்மா, சிரித்த முகம் மாறாமல், பல்லுக்குள்ளால் சொன்னா.

அங்காலை ஒன்றுமில்லையாம்! என் முதுகுக்குப் பின்னால் பத்துப் பாகம் தூரம்கூட இராது. கூடைப்பந்தையே தொழிலாக வைத்துச் சம்பளம் வாங்குகிற வெளிநாட்டு ஆட்கள் சீமெந்துத் தரை அதிர ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் பாயில் காலை மடக்கி, மடியில் கையை வைத்து, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன்.

தொழில்முறை ஆட்டம் என்று நான் நேரே போய்ப் பார்த்தது என் சீவியத்தில் அந்த ஒன்றுதான். பார்த்தது என்று எழுதவே எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

திரும்பிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கோ. இந்தக் கதையைக் கேட்ட எல்லோரும் இத்தனை வருடமாக அதைத்தான் கேட்டார்கள். உங்களுக்குப் பக்கத்தில் என் சின்னம்மா இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அன்றைக்கு என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

கப்பல் நின்ற நாலு நாள்

பேக்கரி வாசலில் பாணுக்கு விடியமுன்னம் வரிசையில் நின்ற காலம் அது. வருடம் சரியாக ஞாபகமில்லை. நான் துறைமுகக் கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கந்தோருக்குப் பின்னால் வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன சீமெந்துத் தரை ஒன்று, இரண்டு வளையம், ஒரு பக்கத்தில் இருந்து பார்க்கச் சீமெந்துப் படிகள். வேலை முடிந்தால் எங்கள் தொழிலாளர் அணி அங்கேதான் விளையாடும்.

நான் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடினவள். வலைப்பந்தில் பந்து கையில் வந்தால் நின்ற இடத்தில் நிற்கவேண்டும், ஓட ஏலாது. கூடைப்பந்தில் பந்தைத் தரையில் அடித்து அடித்து அதோடேயே ஓடலாம் என்று முதன்முதல் கண்டபோது எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி முடியாது. அந்தப் பொறாமைதான் என்னைப் பின்னேரங்களில் அந்தப் படியில் கொண்டுபோய் இருத்தியது. கொஞ்ச நாளில் புள்ளி எழுதுகிற வேலையை என்னிடமே தந்துவிட்டார்கள். ஆம்பிளைகளின் விளையாட்டுக்குள் இவளுக்கென்ன வேலை என்று ஊர் கதைத்தது. கதைத்தால் கதைக்கட்டும் என்று எழுதினேன்.

அப்படி இருக்கிறபோதுதான் அந்தக் கப்பல் வந்தது. நாடு நாடாகப் போய் ஆடிக்காட்டுகிற வெளிநாட்டு அணி ஒன்று அதில் வந்திருந்தது. இயந்திரத்தில் ஏதோ பழுதாம், நாலு நாள் நங்கூரம் போட்டு நிற்கவேண்டியதாம். சும்மா நிற்கிற நேரத்தில் எங்கள் அணியோடு ஒரு காட்சி ஆட்டம் ஆடிக்காட்டச் சம்மதித்தார்கள்.

எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் புள்ளி எழுதுகிற மேசை எனக்குத்தான் என்று கந்தோரில் சொல்லிவிட்டார்கள். மேசை கோட்டுக்குப் பக்கத்திலேயே. ஓடுகிறவனின் வேர்வை மேலே தெறிக்கிற தூரம். நான் மூன்று பென்சில் சீவி, துணியில் சுற்றி, கைப்பைக்குள் வைத்தேன்.

பிறகு சின்னம்மா வந்தா.

கோயில், பஸ் நிலையம், சேலைக்கடை

இந்த இடத்தில் பெண் பார்க்கிற விஷயத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்காது.

மாப்பிள்ளை வீட்டார் நேரே வீட்டுக்கு வந்து, பலகாரம் சாப்பிட்டு, பிறகு வேண்டாம் என்று சொன்னால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் முதலில் பொது இடத்தில் தற்செயலாகச் சந்திக்கிற மாதிரி ஒரு நாடகம். பிடித்தால் வீட்டுக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாதாம்! பார்க்கப்பட்டவளுக்குத் தெரியாதோ?

எனக்கு முதல் நாடகம் கோணேசர் கோயிலில் நடந்தது. மலைக்காற்று என் தலைமயிரை முகம் முழுக்கப் போட்டு மூடிவிட்டது. வந்தவர்கள் மூக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டாவது பஸ் நிலையத்தில். அந்த மாப்பிள்ளை வந்த பஸ் கந்தளாயில் பழுதாகி நின்றுவிட்டது, நானும் அம்மாவும் உச்சி வெயிலில் கருகிப்போய் வந்தோம். மூன்றாவது சேலைக்கடையில். அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள், இரண்டு சேலை வாங்கினார்கள், போய்விட்டார்கள். இன்றுவரைக்கும் பதில் இல்லை.

இந்த நாலாவது சம்பந்தம் தம்பலகாமத்தில். மாப்பிள்ளை நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை, தகப்பன் இல்லை, தாயும் மகனும்தான். சின்னம்மா எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து விசிறிக்கொண்டு சொன்னா:

“பந்து விளையாட்டுக்கு முழு ஊரும் வரும். ஆருக்கும் ஒரு சந்தேகமும் வராது. அவைக்குச் சொல்லிப்போட்டன்.”

“சின்னம்மா, நான் மேசையிலை இருந்து புள்ளி எழுதோணும்.”

“மேசையிலை இருந்தால் அவை உன்ரை பிடரியைத்தான் பாப்பினம்.”

“வேறை ஒரு நாளைக்கு வைக்க ஏலாதோ? இந்த ஆக்கள் பேந்து இஞ்சை வரப்போறதில்லைச் சின்னம்மா.”

“கண்டறியாத பந்து! பந்தோ உன்னைக் கட்டப்போகுது?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பா போனபிறகு அம்மா இப்படியான நேரத்தில் வாயே திறப்பதில்லை. குசினி வாசலில் என் தங்கை வசந்தி நின்றாள். அவளை ஒரு நல்ல இடத்தில் கேட்டிருந்தார்கள். நான் மூத்தவள் இருக்கும்வரை அவளுக்கு ஒன்றும் பேச ஏலாது. அவள் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். சும்மா நின்றாள், அதுதான் என்னைக் கவிழ்த்தது.

அடுத்த நாள் கந்தோரில் மூன்று பென்சிலையும் களஞ்சிய எழுதுவினைஞர் லாபீர் நானாவிடம் கொடுத்தேன். லாபீர் நானா கிண்ணியா ஆள், நல்ல மனுசன். ஆனால் அவருக்குப் பந்து வளையத்துக்கு மேலால் விழ வேண்டுமா கீழால் வர வேண்டுமா என்றுகூடத் தெரியாது.

வட்டப் பாய்

அன்று பின்னேரம் போன சனத்தைச் சொல்லி வேலையில்லை. கிண்ணியாவிலிருந்து, சாம்பல்தீவிலிருந்து, நிலாவெளியிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். களஞ்சியக் கூரையில் ஆட்கள், கிரேன் ஏணியில் ஆட்கள். தார் மணமும் கருவாட்டு மணமும் பவுடர் மணமும் ஒன்றாகக் கலந்து அடித்தது.

கோட்டைப் பக்கத்து மான் இரண்டு தரைக்குள் வந்து நின்றுகொண்டன. அதைக் கலைக்கக் கொஞ்ச நேரம் போனது. அந்த இடைவெளியில்தான் நான் அவர்களைக் கண்டேன். ஐந்தாறு பேர், ஒவ்வொருவரும் கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். அதிலும் ஒருவன் மற்றவர்களை விட ஒரு தலை கூட. சனம் உடனேயே அவனுக்கு நெட்டையன் என்று பெயர் வைத்துவிட்டது. அவன் பந்தை ஒரு விரல் நுனியில் சுழல விட்டு, மானுக்குக் காட்டினான். என் கண்ணால் கண்டது அவ்வளவுதான்.

படிக்குக் கீழே பாய் விரித்திருந்தோம். நடுவில் பலகாரக் கூடை, சுற்றிவரப் பெண்கள் வட்டமாக இருந்து கதைக்கிற மாதிரி. அந்த வட்டத்தில் தரைக்கு முதுகு காட்டுகிற இடத்தில் சின்னம்மா என்னை இருத்தினா. எனக்கு நேர் முன்னால் முதலாம் படியில் தாயும் மகனும். தரை முழுவதும் அவர்களுக்குத் தெரியும், என் முகமும் தெரியும். எவ்வளவு மூளை பாருங்கோ! இந்த மூளையை வைத்துக்கொண்டு சின்னம்மா ஏன் அமைச்சராகவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

போதாக்குறைக்கு, பூச் சரிசெய்கிற மாதிரி என் பின்னலையும் கையில் பிடித்துக்கொண்டா. நான் தலையைத் திருப்பினால் ஒரு இழுவை.

வசந்தியைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. பெண் பார்க்கிற இடத்துக்கு இளையவளைக் கொண்டுபோகக் கூடாதாம். பாவம், அவளும் ஆட்டம் பார்க்க ஆசைப்பட்டவள்.

முகத்தில் ஓடிய பந்து

விசில் ஊதியது. பந்து தரையில் விழுகிற சத்தம், சப்பாத்துக் கிறீச்சிடுகிற சத்தம், சனத்தின் சத்தம். எல்லாம் முதுகில் வந்து விழுந்தன. எனக்கு அழலாம்போல இருந்தது.

பிறகு ஒரு யோசனை வந்தது. எனக்கு முன்னால் இரண்டு பேர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் முகத்தைப் பார்த்தால் பந்து எங்கே போகிறது என்றாவது தெரியும்.

முதலில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். மனுசன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கணம் விட்டுத் திரும்பப் பார்த்தேன். அப்போதும் என்னைத்தான். பின்னால் சனம் கூரை பறக்கக் கத்துகிறது, இவர் கண்ணிமை அசையவில்லை. அட, உனக்கு முன்னால் தடையில்லாமல் தரை முழுக்கக் கிடக்கிறதே, அதைப் பாரேன் என்று கத்தவேண்டும்போல இருந்தது. சின்னம்மாவுக்குச் சந்தோசம் தாங்காத புளுகம். “வைச்ச கண் வாங்கேல்லை” என்று அம்மாவின் காதில் சொன்னா.

அந்த முகத்தால் பிரயோசனம் இல்லை என்று தாயின் பக்கம் போனேன். அவ முதலில் வந்த வேலையைத்தான் பார்த்தா. என் கால் விரலில் தொடங்கி முழங்கால்வரை வந்துவிட்டா. அந்த நேரம் பார்த்துப் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி, எங்கள் பலகாரக் கூடையில் முட்டி, துள்ளிப் போய் அவவின் மடியில் விழுந்தது.

அவ அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தா. நெட்டையன் வாங்க வந்தான். என் மேல் நிழல் விழுந்தது. சின்னம்மா தலையை அமத்திவிட்டதால் நான் கண்டது அவன் கால் சப்பாத்தை மட்டும்தான், சுளகு அளவு சப்பாத்து. தம்பலகாமத்து அம்மா பந்தைக் கொடுக்காமல் அவனை அடிமுதல் நுனிவரை ஒருதரம் பார்த்தா. “இந்தா ராசா, விளையாடு” என்று பிறகுதான் கொடுத்தா.

அதோடு சரி. என் முழங்காலுக்கு மேல் இருந்ததை அன்றைக்கு அவ பார்க்கவில்லை.

ஆனால் என்ன முகம்! அவவின் நாடி வலப்பக்கம் போனால் பந்து கப்பற்காரர் பக்கம். இடப்பக்கம் போனால் எங்கள் பக்கம். வாயில் போட்ட வெற்றிலை கன்னத்திலேயே நின்றுவிட்டது. எங்கள் ஆள் பந்தைப் பறிகொடுத்தால் சொண்டு சுருங்கும், நெட்டையன் ஏதும் வித்தை காட்டினால் கை வாய்க்குப் போகும். பாதி ஆட்டத்துக்குள், “டேய், அவனுக்குக் குடாதை! இஞ்சாலை எறி!” என்று சத்தம்போடவும் தொடங்கிவிட்டா. நான் மடிக்குள் விரலை மடக்கி மடக்கிப் புள்ளி எண்ணினேன்.

வெல்லுவோம் என்று ஒருவரும் நினைக்கவில்லை. புள்ளியில் அவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். ஆனால் கடைசி விசில் ஊதப்போகிற நேரம் சனம் திடீரென்று எழும்பியது. எங்கள் கப்டன் சிவபாலனிடம் பந்து இருக்கிறது என்று ஆரோ கத்தினார்கள். சிவபாலன் கிரேன் ஓட்டுகிற பொடியன், கட்டையன். அவனுக்கு முன்னால் நெட்டையன் நிற்கிறானாம்.

இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று நான் திரும்பினேன். அதே நேரம் சின்னம்மா எழும்பினா. ஆட்டம் பார்க்க! கையில் என் பின்னல். தலை பின்னால் சாய்ந்து, முகம் மேலே போய்விட்டது. பந்து வலைக்குள் விழுந்தபோது நான் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு காகம் போனது.

ஆளுக்கொரு கதை

அடுத்த நாள் காலையிலேயே கப்பல் போய்விட்டது. கந்தோரில் வேலை நடக்கவில்லை, கடைசிப் பந்தைப் பற்றித்தான் கதை.

நடுக்கோட்டிலிருந்து எறிந்தான் என்றான் ஒருவன். இல்லை, வளையத்துக்குக் கீழே நின்று போட்டான் என்றான் இன்னொருவன். பிறகு ஆரோ ஒரு வயிற்றெரிச்சல் பிடித்தவன், “அது நெட்டையன் பாவம் பாத்து விட்டுக்குடுத்தது” என்று தொடங்கினான். மத்தியானத்துக்குள் துறைமுகம் முழுக்க அந்தக் கதைதான் நின்றது.

நான் லாபீர் நானாவிடம் ஓடினேன்.

“நானா, நீங்கள் மேசையிலை இருந்தனீங்கள்தானே. எப்பிடி விழுந்தது?”

“விழுந்தது புள்ள. ரெண்டு புள்ளி எழுதியிருக்கன், பாரு.”

“எப்பிடி விழுந்தது எண்டு கேக்கிறன்.”

“அந்த நேரம் பென்சில் முனை முறிஞ்சி போச்சு. மத்தப் பென்சில் எடுக்கக் குனிஞ்சன்.”

எனக்கு அந்தப் பென்சிலாலேயே அவரைக் குத்தலாம்போல இருந்தது.

சின்னம்மாவைக் கேட்டேன். “நான் எங்கை பாத்தனான்? கால் விறைச்சுப்போச்செண்டு எழும்பினனான்” என்று ஒரேயடியாக மறுத்துவிட்டா. சிவபாலனையே கேட்டேன். அவன் நிலத்தைப் பார்த்தான்.

“எறியேக்கை கண்ணை மூடிப்போட்டன் அக்கா. விட்டுத்தான் குடுத்திருப்பான். அவ்வளவு உயரமானவன்...”

அந்தக் கிழமை ஏழு நாளும் அவன் விளையாட வரவில்லை. நான் அந்த மேசையில் இருந்திருந்தால் எழும்பி நின்று சொல்லியிருப்பேன், விட்டுக்கொடுத்ததா இல்லையா என்று. அந்த ஆத்திரம் எனக்குக் கல்யாணக் கவலையை விடப் பெரிதாக இருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதில் வரவில்லை என்பதே எனக்கு அம்மா சொல்லித்தான் ஞாபகம் வந்தது.

இரண்டாம் தரம்

இரண்டு கிழமைக்குப் பிறகு சொல்லி அனுப்பினார்கள். பெட்டையை இன்னொருதரம் பார்க்கவேண்டுமாம், வீட்டுக்கே வருகிறார்களாம்.

சின்னம்மா தலையில் கை வைத்தா. “ரெண்டாந்தரம் பாக்கினமெண்டால் ஏதோ குறை கண்டிட்டினம். நீ அண்டைக்கு அசைஞ்சனி, அதுதான்” என்று வடை சுட்டு முடியும்வரைக்கும் என்னைத் திட்டினா.

ஞாயிறு காலை வந்தார்கள். வசந்தியைக் குசினிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினோம். நான் கோப்பித் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். தாய் என்னை நிமிர்ந்து பார்த்தா.

“உள்ளதைச் சொல்லுறன் பிள்ளை, குறை நினையாதையும். அண்டைக்கு உம்மை நான் பாக்கேல்லை. அந்த விளையாட்டிலை நிண்டிட்டன். வீட்டை போய்ப் பெட்டை என்ன நிறம் எண்டு இவனைக் கேக்கவேண்டியதாப் போச்சு.”

எனக்கு வாயை அடக்க ஏலவில்லை. “அப்ப கடைசிப் பந்து விழுந்ததைக் கண்டனீங்களோ?” என்று கேட்டேன்.

சின்னம்மா பின்னால் நின்று என் இடுப்பில் கிள்ளினா. கிள்ளட்டும்.

“காணாமல்? ஏன், நீர் காணேல்லையோ?”

“என்னைத் திருப்பி இருத்தி வைச்சிருந்தவை.”

அவ கோப்பியைக் கீழே வைத்தா. எழும்பி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினா. கதிரை இரண்டைத் தள்ளி ஓரமாக்கினா. “தம்பி, எழும்பு. நீதான் நெட்டையன். கையைத் தூக்கு” என்றா. மாப்பிள்ளை வடையை வாய்க்குள் போட்டுக்கொண்டு எழும்பி இரண்டு கையையும் தூக்கினார்.

“இந்த அலுமாரி மேல்தட்டுத்தான் வளையம். நான் அந்தக் கட்டைப் பொடியன்.” கதிரையில் கிடந்த தலையணையை எடுத்தா. “இவன் எறியிற மாதிரி கையை இப்பிடித் தூக்கினவன். நெட்டையன் துள்ளிப்போட்டான். துள்ளடா!”

மாப்பிள்ளை துள்ளினார்.

“இவன் எறியேல்லை. பாத்துக்கொண்டு நிண்டவன். நெட்டையன் கீழை வரேக்கைதான் எறிஞ்சவன். நெட்டையனும் விடேல்லைப் பிள்ளை, எட்டி அடிச்சவன், விரல் பட்டது, பந்து ஒருக்கால் ஆடினது, நான் கண்டனான். ஆடிப்போய் வளையத்திலை நிண்டு யோசிச்சு, உள்ளை விழுந்தது. நெட்டையன் தன்ரை தொடையிலை பளார் எண்டு அடிச்சவன். வலிய விட்டுக்குடுத்தவன் என்னத்துக்குத் தன்ரை தொடையிலை அடிக்கிறான்?”

தலையணை அலுமாரிக்கு மேலே போய் விழுந்தது.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சந்தோசத்தில்தான். இந்தக் கதையை நாளைக் காலை சிவபாலனைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும், அந்த வயிற்றெரிச்சல்காரனையும் பக்கத்தில் நிறுத்திச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

“அப்ப ஆரம்மா வெண்டது?” என்று கேட்டார் மாப்பிள்ளை.

“கேக்கிறான் பார் கேள்வி! அவ்வளவு நேரமும் எங்கையடா பாத்துக்கொண்டிருந்தனி?”

அவருக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டது. சின்னம்மாவுக்கு முகமெல்லாம் பல். எனக்கோ, தரை முழுக்கத் தெரிகிற இடத்தில் இருந்துவிட்டு ஆர் வென்றது என்று கேட்கிற மனுசனை என்ன செய்வது என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“இவனுக்குச் சம்மதமாம். அண்டைக்கே சொல்லிப்போட்டான்” என்றா தாய், மூச்சு வாங்க வாங்க. “எனக்கும் சம்மதம். உமக்கென்ன பிள்ளை?”

அதற்கு முந்தி மூன்று சம்பந்தம் பேசினார்கள். ஒருவரும் என்னை ஒரு சொல் கேட்டதில்லை. நான் அவவைப் பார்த்தேன். இடுப்பில் செருகின சேலை, நெற்றியில் வேர்வை, வெறுங்கை இரண்டும் இன்னும் எறிந்த மாதிரியே முன்னால் நீட்டினபடி.

“ஓம் மாமி” என்றேன். அவவைப் பார்த்துத்தான் சொன்னேன். மாப்பிள்ளை அப்போதும் கையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றார்.